ஆல்ஃபில்டின் பாட்டில் எவால்டின் தும்மல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஒரு ரகசியம் இருக்கிறது. அது நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் நானும் ஒருத்தி. வாயைத் திறக்க மாட்டேன் என்று எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் சத்தியம் செய்தது ஸ்வீடிஷ் மொழியில். தமிழில் எழுதினால் எங்கள் ஊரில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். என்னிடமிருந்து நானே ரகசியம் காக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எவால்ட் ஹெக்லெவ் எங்கள் ஊரில் புகைபோக்கி சுத்தம் செய்தவர். கறுப்புச் சட்டை, கறுப்புக் குல்லாய், தோளில் சுருட்டிய கம்பித் தூரிகை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய மூக்கு. அவர் தெருமுனையில் திரும்பினால் மூக்கு முதலில் வரும், சைக்கிள் பிறகு வரும் என்பார்கள். வந்த புதிதில் இவ்வளவு பெரிய மனிதரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசி, "எவால்ட் அவர்களே" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டேன். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். மங்கையர்க்கரசி என்கிற என் பெயரை முதன்முதலில் "மங்கா" ஆக்கியவரும் அவர்தான். மறுநாளே ஊர் முழுக்க நான் மங்கா ஆகிவிட்டேன். கேட்டால், முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறதாம்.

அவரைப் போல நன்றி சொல்லும் மனிதரை நான் கண்டதில்லை. இந்த நாட்டில் எல்லாருமே நன்றி சொல்லிகள்தான். காபி கொடுத்தால் நன்றி, குடித்து முடித்தால் நன்றி, ஒரு வாரம் கழித்துத் தெருவில் பார்த்தால் "போன தடவைக்கு நன்றி". எவால்ட் அதையும் தாண்டியவர். தானாகத் திறக்கும் கடைக் கதவுக்கு நன்றி சொல்வார். பச்சை விளக்குக்கு நன்றி சொல்வார். ஒருமுறை என் கண் முன்னாலேயே, தன்னைப் பார்த்துக் குரைக்காமல் போன நாய்க்குக் குல்லாயைக் கழற்றி நன்றி சொன்னார். ஏதோ வியாதி என்று நினைத்தேன். இல்லை, அது பிராயச்சித்தம் என்று மீன் கடை உல்லா-கரின் சொன்னாள். அதற்குப் பின்னால் இருந்த கதையை ஊர் எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டது. இங்கே குடியேறுகிறவர்களுக்குக் குப்பை என்றைக்கு எடுப்பார்கள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எவால்டின் தும்மலைச் சொல்லிவிடுவார்கள்.

கதை நடந்தபோது நான் மாயவரத்தில் தவழ்ந்துகொண்டிருந்தேன். ஆகவே ஊர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஆல்ஃபில்ட் ப்ரென்லுண்ட் எங்கள் ஊர் மரம் அறுக்கும் மில் தொழிலாளியின் மகள். தலைநகருக்குப் போய்ப் பெரிய சொப்ரானோ ஆனாள். உச்சக்குரலில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கண்ணாடியை உடைக்கிற ரகம். ஆல்ஃபில்டுடையது பட்டுத்துணியை மெதுவாக உதறுகிற ரகம், லிரிக் சொப்ரானோ என்பார்கள். ஆப்பராவில் அவள் பாடாத பெரிய ஆரியா, அதாவது தனிப்பாட்டு, கிடையாது. எங்கள் ஊருக்கு அவளை விட்டால் பெருமைப்பட வேறொன்றும் இல்லை, கருவாட்டு வாசனையைத் தவிர. அவள் ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர்த் தேவாலயத்தில் பாடப் போகிறாள், அதை வானொலிக்காரர்கள் பதிவு செய்யப் போகிறார்கள் என்றதும் ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது.

தலைநகரிலிருந்து வண்டி வந்தது. ஒலிவாங்கிகளை நட்டார்கள். சுழல்நாடா இயந்திரத்தைப் பாவ அறிக்கை வாசிக்கும் இடத்தில் வைத்தார்கள். இருமக் கூடாது, மிட்டாய்க் காகிதத்தைச் சரசரக்கக் கூடாது, கூடுமானால் மூச்சையும் நிதானமாக விட வேண்டும் என்று ஒரு ஆள் மேடையேறிச் சொன்னார். சளி பிடித்தவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது ஊர்.

எவால்டுக்குச் சளி இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு கோளாறு இருந்தது. உச்சக்குரல் கேட்டால் தும்மல் வரும். ஆண் குரலுக்கு வராது, வயலினுக்கு வராது. பெண் குரல் மேலே போய் மெல்லியதாகி நிற்கும் பாருங்கள், அங்கேதான் மூக்கில் குறுகுறுக்கும். கரி அடைத்திருக்கும் என்று மருத்துவர் மூக்கைக் குடைந்து பார்த்துவிட்டு, கரிதான் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை என்றாராம். அவர் மனைவி மாய்-லிஸ் அன்றைக்குக் காலையிலேயே தடுத்துப் பார்த்தாள். "நீ வராதே மனுஷா, வீட்டுல இருந்து வானொலியில கேட்டுக்கோ." எவால்ட் கேட்கவில்லை. ஆல்ஃபில்டுக்காகத் தேவாலயத்தின் புகைபோக்கியை இனாமாகச் சுத்தம் செய்து கொடுத்தவர் அவர். நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டுக்கு மேல் பாட்டு. ஆரியாக்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டே கழிந்தன. கடைசிக்கு முந்தைய பாட்டு, கோடை வருமா என்று ஒரு பெண் கேட்கும் எளிய பாட்டு. இரண்டாவது சரணத்தின் முடிவில் குரல் மேலே, மேலே, இன்னும் மேலே போய் நூலாகத் தேய்ந்து நின்றது. ஊரே கண்ணை மூடியிருந்தது. அப்போது எவால்ட் தும்மினார்.

புகைபோக்கி உச்சியிலிருந்து அடுப்படி வரைக்கும் குரல் கொடுத்துப் பழகிய மார்பு அது. பலிபீடத்து மெழுகுவர்த்தி ஒன்று அணைந்துவிட்டது. ஆர்கன் குழாய்களில் ஏதோ ஒன்று பதிலுக்கு முனகியது. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது. மேடையில் ஆல்ஃபில்ட் நிமிர்ந்தாள், நான்காவது வரிசையை நேராகப் பார்த்தாள், பாட்டின் நடுவில், அழகாக, தெளிவாகச் சொன்னாள்: "புரூசித்!"

நம்மூரில் குழந்தை தும்மினால் 'நூறு' என்போமே, அதுதான். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்லியாக வேண்டும். புரூசித் என்று ஒருவர் சொன்னால் தும்மியவர் நன்றி சொல்லியே தீர வேண்டும், அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எவால்ட் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். அவர் அடுத்த தும்மலுக்குத்தான் வாயைத் திறக்கிறார் என்று நினைத்து மாய்-லிஸ் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி முழுசாக உள்ளே திணித்துவிட்டாள்.

மௌனம். பியானோக்காரர் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர் காத்திருந்தது. ஆல்ஃபில்டும் காத்திருந்தாள். பிறகு அவள் பியானோப் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தாள், பியானோக்காரர் தலையாட்டினார், மூன்றாவது சரணம் தொடங்கியது. இவ்வளவு மரியாதை கெட்டவன் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறானே என்றுதான் அவள் சொல்லியிருப்பாள் என்று ஊர் முடிவு கட்டியது.

அன்றைக்குக் கச்சேரி முடிந்து தேவாலயத்தில் காபி குடிக்கும்போது ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வானொலியில் ஒலிபரப்பானபோது தும்மலையும் அந்த மௌனத்தையும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஊர் வெட்டவில்லை. வராத பேருந்துக்கு "எவால்டோட நன்றி மாதிரி வந்துக்கிட்டே இருக்கு" என்றார்கள். திருப்பித் தராத சுத்தியலுக்கும் அதையே சொன்னார்கள். எவால்ட் மீன் வாங்கிவிட்டு நன்றி சொன்னால், உல்லா-கரின் மீன் செதிலை உதறிக்கொண்டே, "பரவாயில்லையே, எனக்காவது கிடைச்சுது" என்பாள்.

அவர் சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. ஆல்ஃபில்ட் கோடைக்காலங்களில் ஊருக்கு வருவாள். அடுத்த கோடையிலேயே படகுத்துறையில் அவளைப் பார்த்துவிட்டார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து, குல்லாயைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போனார். அவள் ஏதோ முனகிக்கொண்டு நின்றாள், சும்மா, தன்பாட்டில். ஆனால் உச்சத்தில். எவால்ட் தும்மிவிட்டார். "புரூசித்!" என்று சிரித்தபடி அவள் இரண்டடி முன்னால் வந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இப்போது இரண்டு நன்றி பாக்கி. எவால்ட் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார். தூரிகையை அங்கேயே போட்டுவிட்டு.

அவளுடைய கோடை வீட்டுப் புகைபோக்கிக்கும் அவர்தான் போக வேண்டும். போனால் முற்றத்தில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, காபியும் ஏழு வகை பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு ஆல்ஃபில்ட் காத்திருப்பாள். அவமானப்படுத்தத்தான் காத்திருக்கிறாள் என்று எவால்டுக்கு நடுங்கும். கூரையின் பின்பக்கமாக, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு வருஷம் அவள் ஏணியடியில் ஏலக்காய் பன் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். எவால்ட் அந்தப் பைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இப்படியே போய், ஆல்ஃபில்டும் ஒரு வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். எவால்ட் கல்லறையருகே போய் நின்று, இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பாடகர் குழுவின் பெண்கள் ஸ்ருதியை ஏற்றினார்கள். நானும் குழுவில்தான் இருந்தேன், ஆனால் தாழ்குரல், அந்தப் பாவம் என்னைச் சேராது. எவால்ட் தும்மிய தும்மலில் பாதிரியாரின் காகிதம் குழிக்குள் பறந்தது. குழுவை நடத்தும் டோர்க்னி அவரைப் பார்த்த பார்வையில் பூவெல்லாம் வாடியிருக்க வேண்டும்.

சில வருஷம் கழித்து, ஆல்ஃபில்டின் பழைய பதிவுகளை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துக் குறுந்தட்டாக வெளியிடப் போவதாகத் தலைநகரிலிருந்து சேதி வந்தது. அதில் எங்கள் ஊர்க் கச்சேரியும் முழுசாக உண்டு. வேலையைப் பார்க்கும் பெண் துவா ரோசன்க்விஸ்ட் ஊருக்கே வந்தாள். முப்பது வயதிருக்கும், காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருக்கும். அவள் ஒரு கேள்வியோடு வந்திருந்தாள்: தும்மலை வைக்கலாமா, எடுக்கலாமா?

உடனே ஆல்ஃபில்ட் நண்பர்கள் சங்கம் கூடியது. தலைவர் டோர்க்னி. செயலாளர் நான், நூலகத்தில் வேலை பார்ப்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதலில் காபி, பிறகு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை ஏற்பது, பிறகு மறுபடி காபி, அதன் பிறகு தும்மல்.

டோர்க்னி மேஜையைத் தட்டினார். "இது ஆல்ஃபில்டோட நினைவுத் தட்டு. எவால்டோட மூக்குக்கு நினைவுத் தட்டு இல்லை. எடுத்துடணும்."

"எப்படி எடுப்பே?" என்று உல்லா-கரின் எழுந்தாள். "அப்புறம் முதல் பாட்டுல எங்கப்பா இருமினாரு, அதையும் எடுப்பியா? எங்கப்பா குரலே அது ஒண்ணுதான் மிச்சம்."

"அந்த வீரிட்ட குழந்தை நான்தான்," என்றார் வங்கி மேலாளர், கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு. "தும்மலை எடுத்தா நான் காரணமில்லாம அழுத மாதிரி ஆயிடும்."

அவ்வளவுதான். நாற்காலி கிறீச்சிட்டது என் மாமா, மிட்டாய் உரித்தது என் அத்தை என்று ஆளாளுக்குத் தங்கள் சத்தத்துக்கு உரிமை கோர ஆரம்பித்தார்கள். பாடியவளைத் தவிர எல்லாருடைய நினைவும் அந்தத் தட்டில் இருந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு கரிய கை உயர்ந்தது.

"எனக்கு ஒரு யோசனை," என்றார் எவால்ட். "தும்மல் இருக்கட்டும். அதுக்கப்புறம் ஒரு இடைவெளி இருக்கில்ல? அதுல நான் 'நன்றி'ன்னு சொல்றேன். ஒரே வார்த்தை. அதைச் சேர்த்துடுங்க."

கூட்டம் சிரித்தது. துவா சிரிக்கவில்லை. "பழைய பதிவுல புதுசா எதையும் சேர்க்கக் கூடாதுங்க. தட்டுக்காக வெட்டலாம். சேர்க்கக் கூடாது."

"குரல் ஒண்ணும் பெருசா மாறலைம்மா. இளமையாவும் சொல்ல வரும், கேளு." தொண்டையைச் செருமி, ஒருமுறை இளமையாக, ஒருமுறை பணிவாக, ஒருமுறை வாயில் கையுறை இருக்கும் பாவனையில் நன்றி சொல்லிக் காட்டினார். மாய்-லிஸ் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன், மறைக்க மாட்டேன்.

கூட்டம் கலைந்ததும் என்னோடு நடந்து வந்தார். பனியில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். "இவ்வளவு நாள் இந்த ஊருக்கு மட்டும்தான் தெரியும் மங்கா. ஊர்தானே, பழகிடுச்சு. தட்டு வெளிய போனா ஜப்பான்ல ஒருத்தன் கேப்பான். 'யாருடா இவன், பாட்டைக் கெடுத்துட்டு, அந்தம்மா புரூசித் சொன்னதுக்கு நன்றி கூடச் சொல்லாம உக்காந்திருக்கான்'னு கேப்பான். நான் செத்த பிறகும் அதுல தும்மிக்கிட்டே இருப்பேன். நன்றி சொல்லாமலே இருப்பேன்."

"அப்ப டோர்க்னி சொல்ற மாதிரி எடுத்துடலாமே?"

"எடுத்தா அவ சொன்ன புரூசித்தும் போயிடுமே. அவ வாயால எனக்குன்னு சொன்ன வார்த்தை அது."

சிரிக்க வந்தவள் சிரிக்காமல் நடந்தேன்.

மறுநாள் காலை துவா நூலகத்துக்கு வந்து, பின்னறை கிடைக்குமா என்று கேட்டாள். எவால்டையும் மாய்-லிஸையும் மட்டும் அழைத்திருந்தாள். நூலகத்தின் சாவி என்னிடம் இருந்ததால் நானும் இருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். போகவில்லை.

"நேத்துக் கூட்டத்துல இதைச் சொல்ல வேண்டாம்னு நினைச்சேன்," என்றாள் துவா. "முதல்ல நீங்க கேளுங்க. ஒரு ஒலிவாங்கி பியானோவுக்குள்ள இருந்திருக்கு. அப்போ ஒலிபரப்புறதுக்கு முன்னாடியே வெட்டிட்டதால இதை யாருமே கேட்டதில்லை."

பொத்தானை அழுத்தினாள். பழைய நாடாவின் இரைச்சல். பிறகு ஆல்ஃபில்ட். என்ன குரல் அது! சின்ன அறை, சின்ன ஒலிபெருக்கி, இருந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது சரணம் மேலே ஏறியது. எவால்ட் மூக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். சரியாக அந்த இடத்தில், பெட்டிக்குள்ளிருந்து முப்பது வயது எவால்டும் வெளியே எழுபது வயது எவால்டும் ஒரே நொடியில் தும்மினார்கள். தாளம் பிசகவில்லை.

"புரூசித்!" என்றாள் பெட்டிக்குள் ஆல்ஃபில்ட்.

"புரூசித்," என்றாள் பழக்கதோஷத்தில் துவா.

"நன்றி, நன்றி," என்றார் எவால்ட், இரண்டு பேருக்கும் பொதுவாக. "ஷ்ஷ்!" என்றாள் மாய்-லிஸ்.

மௌனம். துவா சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. பட்டுக்குரல் இல்லை, பதறிய குரல். மர மில் தொழிலாளி மகளின் எங்கள் ஊர்ப் பேச்சு.

"அடுத்தது என்னப்பா? ஒண்ணுமே வரலை. சுத்தமா மறந்துபோச்சு."

"'பனி விலகும்'," என்று ஒரு ஆண் குரல், இப்போது உயிரோடு இல்லாத பியானோக்காரருடையது.

"ஆங்! தும்மின புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."

பிறகு பியானோ. பிறகு மூன்றாவது சரணம், பிசிறில்லாமல்.

துவா நிறுத்தினாள். மூன்றாவது சரணத்தை மறந்துபோய் நின்றவள், தும்மல் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள். புரூசித் சொன்னது நேரம் வாங்குவதற்கு. அவள் காத்திருந்தது எவால்டின் நன்றிக்கு இல்லை, அடுத்த வரிக்கு. அந்தப் படகுத்துறைச் சிரிப்பு, வெள்ளைத் துணி மேஜை, ஏழு வகை பிஸ்கட், ஏணியடிப் பன் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. இவருக்கு நன்றி சொல்ல அவள் வருஷா வருஷம் காபி போட்டு வைத்திருக்கிறாள். இவர் நன்றி சொல்லவில்லையே என்று தண்ணீர்க் குழாயில் இறங்கி ஓடியிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களைக் கட்டிப்போட்டு உதைக்கலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

மாய்-லிஸ்தான் முதலில் எழுந்தாள். கோட்டை மாட்டத் தொடங்கினாள்.

"எங்கே போறே?" என்றார் எவால்ட்.

"மீன் கடைக்கு. அப்புறம் வங்கிக்கு. அப்புறம் டோர்க்னி வீட்டுக்கு. ஊர்ல ஒரு கதவு விடாம தட்டப் போறேன். நாப்பது வருஷமா மரியாதை கெட்டவன் பொண்டாட்டின்னு பேர் வாங்கியிருக்கேன் நான். உன் வாயில கையுறையைத் திணிச்சவ நான்தான்னு ஒவ்வொரு ராத்திரியும் குமைஞ்சிருக்கேன். அவ பாட்டை மறந்தாளாம், நீ காப்பாத்தினியாம்! ஊர் உன் கால்ல விழணும்!"

"உக்காரு, மாய்-லிஸ்."

"மாட்டேன்."

"உக்காரு." எவால்ட் சத்தம் போடவில்லை. "இந்த ஊர்ல எல்லார் வீட்டுப் புகைபோக்கியையும் பாத்தவன் நான். யார் என்னத்தை எரிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். எதையாவது கீழ வந்து சொல்லியிருக்கேனா? உனக்குக்கூடச் சொன்னதில்லையே."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவ ஒரு பாட்டையும் மறந்ததே இல்லைன்னு ஊர் சொல்லிக்கிட்டு இருக்கு. சொந்த ஊர்ல, சொந்த சனத்துக்கு முன்னாடி அவளுக்கு மறந்துபோச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமா? அவ இல்லாத நேரத்துல?" துவாவிடம் திரும்பினார். "அந்தக் கிசுகிசுப்பை மட்டும் எடுக்க முடியுமாம்மா? தும்மலும் புரூசித்தும் இருக்கட்டும். அந்த மௌனமும் இருக்கட்டும், முழுசா."

"எடுக்கலாம். எடுத்த இடத்துல தேவாலயத்தோட வெறும் மௌனத்தை வச்சிடலாம். கச்சேரிக்கு முன்னாடி பதிவானது கொஞ்சம் இருக்கு."

"சேர்க்கக் கூடாதுன்னியே?"

"மௌனம்தானே," என்றாள் துவா, முகம் சிவந்து. பிறகு, "நல்லா யோசிச்சுட்டீங்களா? அப்புறம் தட்டைக் கேக்கிறவங்க எல்லாரும் உங்களைத்தான் தப்பா நினைப்பாங்க. நீங்க நன்றி சொல்லலைன்னுதான் கேக்கும்," என்றாள்.

எவால்ட் உதட்டைக் குவித்து ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். துவா பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். தலைநகரத்துப் பெண், பாவம். எங்கள் வடக்குச் சீமையில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீரை வாங்கிக் குடித்து, நன்றி சொன்னார்.

மாய்-லிஸ் கோட்டோடு உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது முடித்ததும் நாங்கள் நான்கு பேரும் சத்தியம் செய்தோம். அவள் கடைசியாகச் செய்தாள், இடது கையால் செய்தாள்.

தட்டு வெளியான அன்றைக்கு, சாயங்காலம் தேவாலயத்தில் அதைப் போட்டுக் கேட்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊர் மொத்தமும் நல்ல உடுப்பில் வந்துவிட்டது. பாடகி நிற்கும் இடத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் நின்றன. அவற்றுக்கு நடுவில் டோர்க்னி பூங்கொத்து ஒன்றையும் வைத்திருந்தார், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல். எவால்டும் மாய்-லிஸும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மாய்-லிஸ் அன்றைக்குக் கையுறையே கொண்டுவரவில்லை. நான் குழுவோடு பக்கவாட்டில் இருந்தேன், அவர்கள் முகம் தெரிகிற இடத்தில்.

முதல் பாட்டு வந்தது. உல்லா-கரினின் அப்பா இருமினார். உல்லா-கரின் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆரியாக்கள், அப்புறம் அந்தக் கோடைப் பாட்டு. இரண்டாவது சரணம் ஏற ஏற, பெஞ்சுகளில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எவால்ட் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தார், முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. பெட்டிக்குள் தும்மல் வெடித்தது. தேவாலயம் குலுங்கிச் சிரித்தது. பொத்திய கைக்குள் இன்னொன்று சத்தமில்லாமல் வெடித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"புரூசித்!" என்றாள் ஆல்ஃபில்ட்.

சிரிப்பு அடங்கியது. அந்த மௌனம் வந்தது. ஊரே நான்காவது வரிசைப் பக்கம் தலையைத் திருப்பியது. ஒன்றும் வராது என்று தெரிந்து, வராததைப் பார்ப்பதற்காகவே திரும்பியது.

எவால்ட் கையை எடுத்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவு பெரிய மார்பு, ஆனால் மெதுவாகத்தான் சொன்னார். இருந்தும் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"நன்றி, ஆல்ஃபில்ட்."

பியானோ தொடங்கியது. அவள் மூன்றாவது சரணத்தை எடுத்துப் பாடினாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தாள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வங்கி மேலாளர் மறுபடியும் அழுதார், இந்தத் தடவை சத்தமில்லாமல். டோர்க்னி அந்தப் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நடு வழியில் நான்கு அடி வந்து, பாட்டு முடியவில்லை என்பது உறைத்து, அங்கேயே நின்றுவிட்டார்.

எவால்டும் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு சொல்லி முடித்த மனிதருக்கு உட்காரத் தோன்றவில்லை. மாய்-லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு மனுஷா," என்றாள். "பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."